பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை

மரக்காணம்
11.6.2006, ஞாயிற்றுக்கிழமை

திண்டிவனத்தில் வக்கீல் குமாஸ்தாவாக விளங்கும் அன்பு மைத்துனர் வெங்கடாசலம் அவர்களுக்கு, உப்பள மேஸ்திரி கண்ணாயிரம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அக்காள் அமராவதியும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். அவ்விடம் தங்கச்சி வசந்தாவின் மூட்டு வலி தேவலையா? பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய குழந்தை பிரியதர்ஷினிக்கு என் ஆசிகள். நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். வர முடியாத காரணம் கீழே வருகிறது.

போன மாதம் இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை என் சைக்கிளில் ஒரு கார் மோதியது, என்ன செய்யலாம் என்று நான்கே வரியில் உங்களுக்கு எழுதியிருந்தேன். முழுக்க எழுதினால் போஸ்ட் பண்ணுவதற்கு முன்பே உங்கள் அக்காள் படித்துவிடுவாள் என்ற பயம்தான் காரணம். இப்போது அவளே பேனாவை எடுத்து என் கையில் கொடுத்து, ஒன்று விடாமல் எழுதச் சொல்லிவிட்டாள். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு அக்கினி நட்சத்திரம் முடிய இரண்டு நாள் பாக்கி. உச்சி வேளை. அந்த நேரத்தில் இங்கே வெயில் மேலேயிருந்து மட்டும் வராது, உப்புப் பாத்தியிலிருந்தும் கிளம்பி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. தூரத்தில் ஆள் நின்றால் கால் தெரியாது, இடுப்புக்கு மேலே மட்டும் மிதக்கும். இருபத்திரண்டு வருஷம் பழகிய எனக்கே அப்போது எண்ணிக்கை தப்பும். வரப்பில் ஐந்து பேர் வருகிற மாதிரி இருக்கும், கிட்டே வந்தால் நாலு பேர். அதனால் நான் தலையைக் குனிந்துகொண்டு முன் சக்கரத்தை மட்டும் பார்த்து மிதிப்பது வழக்கம். அன்றும் அப்படியே சாப்பாட்டுக்குப் புறப்பட்டு மண் பாதையிலிருந்து ஈ.சி.ஆர். மேலே ஏறினேன். வலது பக்கம் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான். கார்க்காரன் பிரேக் போட்டான், ஆனாலும் என் முன் சக்கரம் அப்பளம் ஆயிற்று, நான் பறந்து போய் ரோட்டோரம் கீற்றுப் போட்டு மூடியிருந்த உப்புக் குவியலில் விழுந்தேன். இரண்டு முழங்கையிலும் சிராய்ப்பு. நானே மேற்பார்வை பார்த்து வாரின உப்பு. அது எவ்வளவு சுத்தமான உப்பு என்பதை அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன்.

காரிலிருந்து ஒரு இளைஞன் குதித்து ஓடி வந்தான். என்னைத் தூக்குவான் என்று கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போனான். குவியலின் பின்பக்கம் பார்த்தான், குனிந்து காருக்கு அடியில் பார்த்தான், பள்ளத்தில் இறங்கிப் பார்த்தான். பிறகு வெளுத்துப் போன முகத்தோடு என்னிடம் வந்து கேட்டான்.

"ஐயா, பின்னாடி உக்காந்திருந்த அம்மா எங்க?"

அவன் பெயர் அறிவழகன், பாண்டிச்சேரிப் பக்கம் இடையஞ்சாவடிப் பையன், வாடகைக் கார் ஓட்டுகிறான். விடியற்காலை யாரோ வெள்ளைக்காரரைச் சென்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். கேரியரில் ஒரு பெண்பிள்ளை இருந்ததாகவும், மோதுவதற்கு முன் அவனை நிமிர்ந்து பார்த்ததாகவும் சொன்னான்.

மைத்துனரே, வேறு எந்த மனிதனாக இருந்தாலும் 'யாரும் இல்லையப்பா, நான் தனியாகத்தான் வந்தேன்' என்று சொல்லியிருப்பான். என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்றால் எனக்குத் தெரியாது.

சிரிக்க வேண்டாம். இது உப்பளத்துக்காரர்களுக்குத்தான் புரியும். ரோட்டிலிருந்து எங்கள் பாத்திக்கு இரண்டு கிலோமீட்டர், நடுவில் ஒரு மரம் கிடையாது. ஆகவே சைக்கிள் வைத்திருப்பவன் மெதுவாக மிதிக்க வேண்டும். நடந்து போகிற பெண்பிள்ளை யாராக இருந்தாலும் ஓடி வந்து கேரியரில் தொற்றிக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை. ஓட்டுகிறவன் பேசவும் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால்தானே யார் யாரோடு போனாள் என்ற பேச்சு வரும்? பார்க்காதவனிடம் எவன் போய் என்ன கேட்பான்? இறங்கும் இடம் வந்ததும் சீட்டுக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டுவார்கள். பிரேக் பிடிக்க வேண்டும், லேசானதும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டினால் எத்தனையோ வருஷமாக எங்கள் உப்பளத்தில் ஒரு வம்பு வழக்கு வந்ததில்லை. இப்போதுதான் வந்திருக்கிறது.

அன்றைக்கு சைக்கிள் கனத்ததா என்று கேட்டால், கனத்தது. கடல் காற்று எதிரே அடித்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு தட்டு விழுந்ததா என்றால், விழவில்லை.

அந்தப் பையன் வேறு ஒருவனாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடியிருப்பான். இவனோ என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இரண்டு பேர் வந்த சைக்கிளில் மோதிவிட்டேன், ஒருவரைக் காணவில்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டான். எஸ்.ஐ. வந்தார். உப்பளத்துப் பெண்களை எல்லாம் வரப்பில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். பதினெட்டு பேர், பதினெட்டும் இருந்தது. கழி வைத்து வாய்க்காலைக் குத்திப் பார்த்ததில் மூன்று ஒற்றைச் செருப்பும் ஒரு தூக்குவாளி மூடியும் கிடைத்தன. மூடி என் வீட்டு மூடி. போன சித்திரையில் நான் தொலைத்துவிட்டு, காக்காய் தூக்கிக்கொண்டு போனதாக உங்கள் அக்காளிடம் சொல்லியிருந்தேன்.

எஸ்.ஐ. நல்ல மனிதர். என்னை உட்காரவைத்து, பொறுமையாக, உன் பின்னால் ஆள் இருந்ததா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றார். நான் மேற்படி ஏற்பாட்டை விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"யோவ், உன் பேரு கண்ணாயிரம். அத்தினி கண்ணுல ஒண்ணைக்கூட பின்னாடி திருப்பலியா நீ?"

கடைசியில் அவரே ஒரு தாளில் எழுதினார். 'சம்பவ நேரத்தில் எனது சைக்கிளில் எனக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.' இதில் கையெழுத்துப் போட்டால் பையனின் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். சின்ன வாக்கியம்தான். ஆனால் பேனா ஓடவில்லை. முழங்கை வலிக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாளை இரண்டு வாரமாக நீண்டுவிட்டது.

வீட்டில் நடந்த விசாரணைக்கு முன்னால் போலீஸ் விசாரணை ஒன்றுமே இல்லை. உப்பளத்தில் வேலை செய்கிற பதினெட்டு பேரையும், இரண்டு வருஷம் முன்பு வேலையை விட்டு நின்றவர்களையும் உங்கள் அக்காள் பெயர் பெயராகக் கேட்டாள். தெரியாது என்றால், 'அப்போ இருந்திருக்கலாம்' என்றாள். இல்லை என்றால், 'பாக்காம எப்படித் தெரியும்' என்றாள். எந்தப் பக்கம் போனாலும் அடி. மறுநாள் அவளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ரிம் மாற்றி, கேரியரைக் கழற்றச் சொல்லி, அதைப் பரண்மேல் போட்டுவிட்டாள். மரக்காணத்திலேயே பின்புறம் மொட்டையான சைக்கிள் என்னுடையதுதான்.

இந்த நிலையில் தங்கள் ஆலோசனைக் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. விபத்து நடந்து பத்து நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் சட்டம் தெரிந்தவர் சொன்னதை மீறக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். மோதிய வாகனத்தை இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது என்று முதலில் எழுதியிருந்தீர்கள். ஆகவே சைக்கிளைத் திரும்பக் கொண்டு போய், அதே இடத்தில், அதே பக்கம் சாய்த்து ஈ.சி.ஆரில் படுக்கவைத்தேன். பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, என்ன மறியல், எந்தக் கட்சி என்று கேட்டார். வக்கீல் குமாஸ்தா உத்தரவு என்றேன். பின்னால் ஏழெட்டு வண்டிகள் நின்று ஹாரன் அடித்ததில் உங்கள் பெயர் பல பேர் வாயில் வந்தது. நல்ல விதமாக இல்லை. காயச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இரண்டு முழங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, உப்புப் பட்டதில் இரண்டே நாளில் ஆறியிருக்கிறது, எங்கே காயம் என்று எழுதுவது என்று என்னையே கேட்டார்.

அடுத்து சாட்சி. மோதியதைப் பார்த்தவன் ரோட்டோரம் நுங்கு வெட்டுகிற பச்சமுத்து ஒருவன்தான். அவனிடம் போய், நான் தனியாகத்தானே வந்தேன், சொல்லு என்றேன். ஆமாம் என்றான். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவன் அடுத்த நுங்கைச் சீவிக்கொண்டே சொன்னான்.

"நான் பாத்தவரைக்கும் நீ ஒண்டிதான்பா. ஆனா உப்பு மேலேருந்து எழுந்ததும் பின்னாடி கைய நீட்டி யாரையோ தூக்கி வுட்டியே, அது யாரு?"

நான் அப்படிச் செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அந்தச் சாட்சியை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் சைக்கிளைப் படுக்கவைத்த அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தேன். பாதை முனையில் அறிவழகன் நின்றுகொண்டிருந்தான். லைசென்ஸ் இல்லாததால் தினமும் பஸ் பிடித்து வருகிறானாம். உச்சி வேளையில் வந்து, பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம், பொழுது சாய்ந்ததும் போய்விடுவானாம். ஆள் பாதியாக இளைத்திருந்தான். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் உன் பிரச்சினை தீரும் தம்பி என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "நான் பாத்தேங்க. அவங்க பயப்படவே இல்ல. எறங்கற எடம் வந்துட்ட மாதிரி என்னப் பாத்தாங்க. நீங்க இல்லேன்னு எழுதிட்டா அவங்கள யாரு தேடுவாங்க?" என்றான். கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சாப்பிடாமல் நிற்கிறானே என்று பாவப்பட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். உங்கள் அக்காள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தாள். வயது என்ன இருக்கும்? நாற்பது, நாற்பத்தைந்து. நிறம்? கறுப்பு. என்ன புடவை? புடவை சரியாகத் தெரியவில்லை, மேலே ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார்கள் என்றான். உப்பு வாருகிற பெண்கள் எல்லாருமே புடவை மேல் ஆம்பிளைச் சட்டை போடுவார்கள், அதனால் அதில் ஒன்றும் தேறாது என்று நான் குறுக்கே சொன்னேன். அமராவதி என்னைக் கையமர்த்திவிட்டு, என்ன சட்டை என்று கேட்டாள்.

"முழுக்கை சட்டைங்க. காப்பிக் கலர் கட்டம் போட்டது. வலது கை முட்டியில கிளிப்பச்சையா ஒரு ஒட்டு."

உங்கள் அக்காள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். ரொம்ப நேரம் கழித்து மோர் கொண்டு வந்து அவன் இலையில் ஊற்றினாள். அதற்கப்புறம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து இப்படி ஒரு மௌனத்தை நான் கண்டதில்லை. வாக்கப்பட்டது அவள்தான், பதற்றத்தில் மாற்றி எழுதிவிட்டேன், எழுதியதை அடிக்கவில்லை, உண்மையும் அப்படித்தான்.

அந்தச் சட்டை என்னுடையது. முழங்கையில் கிழிந்ததும், உங்கள் அக்காள் தன் பழைய ரவிக்கைத் துணியில் கிளிப்பச்சை ஒட்டுப் போட்டு, 2004 பொங்கலுக்குத் தையல்நாயகியிடம் கொடுத்தாள். தையல்நாயகி எங்கள் உப்பளத்து ஆள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஏரிக்கரைப் பக்கம் தனிக் குடிசை. பதினோரு வருஷம் என் கேரியரில் வந்து போனவள். அவள் முகத்தை விட அவள் தட்டு எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் இரண்டு தட்டும் ஒரே வேகத்தில் தட்டுவார்கள். அவள் ஒன்று தட்டி, கொஞ்சம் யோசித்து, இன்னொன்று தட்டுவாள்.

இனிமேல் எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடல் பொங்கி வந்த அந்த மார்கழி ஞாயிறு, அளத்தில் வேலை கிடையாது, மழைக்காலம். செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசிலிருந்து தாளோடு ஒருவர் வந்து, உங்கள் உப்பளத்து ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். ஊரே அழுதுகொண்டிருந்தது. என் ஆட்கள் வீட்டிலிருந்து யாரும் வந்து சொல்லவில்லை, ஆகவே இருக்கிறார்கள் என்றேன். எண்ணவில்லை. போய்ப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். தையல்நாயகி வீட்டிலிருந்து யார் வந்து சொல்லுவார்கள்? தையல்நாயகிதான் வர வேண்டும். அவள் அன்று காலை மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தாளாம். மாசியில் பாத்தித் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த ஆள் கூப்பிட்டபோது, நான் பாதை முனையில் மெதுவாக மிதித்தேன், சைக்கிள் கனக்கவே இல்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தாலுகா ஆபீசில் போய்ச் சொன்னேன். அதற்குள் கிடைத்த உடல்களை எல்லாம் எடுத்துப் புதைத்துவிட்டிருந்தார்கள். என் கையெழுத்தால் இரண்டு மாசம் அவளை யாரும் தேடவில்லை, மைத்துனரே.

அறிவழகன் சாப்பிட்டுப் போன அன்று இரவு படுக்கும்போது உங்கள் அக்காள் இருட்டில் ஒன்று சொன்னாள். "அவசரத்துல தெச்ச ஒட்டு. பிரிஞ்சி கெடந்துச்சா, நல்லா இருந்துச்சான்னு அந்தப் புள்ளயக் கேட்டிருக்கலாம் நீங்க." நான் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டேன்.

ஆனாலும் நான் பகுத்தறிவு உள்ளவன். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அறிவழகன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வண்டி ஓட்டியவன். உச்சி வெயிலில் உப்பளத்தில் எதுவும் தெரியும். காப்பிக் கலர் கட்டம் போட்ட சட்டை ஊரில் ஆயிரம் இருக்கும், கிளிப்பச்சை ஒட்டு இரண்டாவது இருக்காதா? அவனுக்கோ லைசென்ஸ் வேண்டும், அவனுடைய முதலாளி வேறு ஆள் பார்க்கிறாராம். ஆகவே நாளை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய், பின்னால் யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு, இந்த விவகாரத்தை ஒழித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் வேலை மெனக்கெட்டு வர வேண்டாம்.

தங்கச்சி வசந்தாவை மூட்டுக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். நல்ல உப்பு அடுத்த பஸ்ஸில் அனுப்புகிறேன். குழந்தை எந்தக் காலேஜில் சேர்ந்தாலும் சைக்கிள் வாங்கித் தர வேண்டாம். எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பத்தாரை ரோட்டின் இடது பக்கமாகவே நடத்திச் செல்வானாக.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்
கண்ணாயிரம்

பி.கு.: இது திங்கட்கிழமை மத்தியானம், பச்சமுத்துவின் நுங்குக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே எடுத்த முடிவை அடித்துவிட்டுப் படிக்கவும்.

காலையில் சைக்கிளை எடுக்கப் போனால், கேரியர் மாட்டியிருந்தது. அதன்மேல் ஒரு சாக்கை நாலாக மடித்துச் சணலால் கட்டியிருந்தது. உங்கள் அக்காள் அடுப்பைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளும் திரும்பவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. அந்தத் தாளை எடுத்து நீட்டினார். நான் அதில் இருந்ததை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன். 'எனக்குப் பின்னால் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். எங்கள் உப்பளத்து ஆள். 26.12.2004 முதல் காணவில்லை. எண்ணிப் பார்க்காமல் எல்லாரும் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.' கீழே கண்ணாயிரம் என்று முழுப் பெயரையும் எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, இதை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று கேட்டார். என் மைத்துனருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே வியாழக்கிழமைக்குள் கட்டாயம் வரவும். அங்கே வந்து காத்திருந்த அறிவழகனும் அதைப் படித்தான். அவனுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை, ஆனால் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. வழக்கம்போல பஸ் ஏறி, பாதை முனைக்கு எனக்கு முன்னால் போய்விட்டான்.

ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ஏறினேன். நாலு மிதி மிதித்ததும் கனத்தது. காற்றே இல்லை, புளியமரத்தில் ஒரு இலை அசையவில்லை. குனிந்த தலை நிமிராமல் மிதித்தேன். பேசக் கூடாது என்பது ஏற்பாடு. இருந்தாலும் "எழுதிட்டேன், தையலு" என்று மட்டும் சொன்னேன். பாதை முனை வந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு தட்டு. கொஞ்சம் யோசனை. இன்னொரு தட்டு.

பிரேக் பிடித்தேன். லேசாயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எதிரே அறிவழகன் நின்றிருந்தான். அவன் முகத்தை மட்டும் பார்த்தேன். அவன் கண் என் தோளைத் தாண்டி, வரப்பின் மேல், ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், உப்பளத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. உங்கள் அக்காள் கேட்கச் சொன்னதை அப்போதுதான் கேட்டேன். அவன் பார்வையை எடுக்காமலே பதில் சொன்னான்.

"பிரியலீங்க. நல்லா இருக்குது."